சாலைக்கு முதுகு காட்டிய கோட்டை

செயிண்ட் ஓடில் ஊரில் லீலண்ட் ட்ரைலிங் கட்டிய கோட்டை, குடிபுகுந்த விருந்தன்று மதியம் சாலைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டது. கிழக்கே சாலையைப் பார்த்து நின்ற பெரிய கதவு மேற்கே கோதுமை வயலைப் பார்த்தது. கோபுரமும் கூடவே நகர்ந்திருந்தது. உள்ளே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நூடுல்ஸ் சூப் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. முட்டைக்கோசும் இறைச்சியும் பொதிந்த ரொட்டிகளைத் தட்டுகளில் ஏந்தி வந்த ஊரார், வாசல் அந்தப் பக்கம் போலிருக்கிறது என்று சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் மேற்கே போய்ச் சேர்ந்தபோது கதவு வடக்கே இருந்தது. வடக்கே போனால் மறுபடி கிழக்கே. பாதிரியார் முன்னால் போக, பெண்களும் பிள்ளைகளும் பின்னால் போக, திருவிழா ஊர்வலம் மாதிரி எல்லோரும் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் கை வலித்துத் தட்டுகளைப் புல்லில் இறக்கிவைத்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வருடம் மழை குறைவு என்று பேசினார்கள். லீலண்ட் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தான், வெளியே வரவில்லை.

அது 1987ஆம் வருடத்து இலையுதிர் காலம். கூட்டுறவுத் தானியக் கிடங்கில் வேலை பார்த்த லீலண்டுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. இளவயதில் ராணுவத்தில் ஜெர்மனிக்குப் போனபோது, ஆற்றங்கரைக் குன்றின் மேல் ஒரு கோட்டையைப் பார்த்து, இப்படி ஒரு வீட்டில்தான் சாவேன் என்று முடிவு செய்துகொண்டவன். அவன் மனைவி ரோவீனா கேட்டதெல்லாம் மாடியில்லாத ஒரு வீடும், மழை நாளில் நனையாமல் இறங்க வீட்டோடு ஒட்டிய ஒரு கார் கொட்டகையும்தான். கசாப்புக்கடைக் காகிதத்தை மேசை முழுக்க விரித்து அவன் வரைந்த படத்தைப் பார்த்து, "ராஜா வீட்டுக்குக் கொட்டகை கிடையாதா?" என்று கேட்டாள். அடுத்த நாள் படத்தில் கொட்டகையும் வந்தது, அதன் தலையில் கோட்டைகளில் இருப்பது போன்ற பல்வரிசை மதிலோடு.

கிடங்குச் சம்பளத்தில் கோட்டை கட்டுவது எப்படி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மாடுகளை விற்றுவிட்ட பக்கத்துப் பண்ணைக்காரரின் மாட்டுத் தீவனம் சேமித்த உயரமான பழைய உருளைக் கிடங்கைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தினான்; அதுதான் கோபுரம். பியர் புட்டிகள் வைக்கும் பனிப்பெட்டியை அச்சாக வைத்து மதிலின் பற்களைக் கான்கிரீட்டில் வார்த்தான். மூடிவிட்ட பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள், இடிந்த களஞ்சியத்தின் பலகைகளில் செய்த கதவு, துருப்பிடித்த அறுவடை இயந்திரத்தின் சங்கிலிகள். அகழிக்குத் தோண்டிய பள்ளம் பாதியில் நின்றது. ரோவீனா அதில் பூசணி போட்டாள். மிச்சம் இருந்தது கல். அதுவும் சும்மா கிடைத்தது. ஊருக்கு வடக்கே குன்றின் மேல் இருந்த ஏழைகள் இல்லத்தை அரசாங்கம் இடித்துப் போட்டு, சுண்ணாம்புக்கல்லை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம் என்று அறிவித்திருந்தது.

கான்சஸில் அந்தப் பக்கத்து ஜனங்கள், சும்மா கிடைத்தால் உடைந்த கலப்பையைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகிறவர்கள். ஆனால் அந்தக் கல்லைத் தொட ஒருவரும் போகவில்லை. லீலண்ட் மட்டும் இரண்டு கோடைகாலம் வண்டி வண்டியாக ஏற்றினான். குழாய் வேலை செய்யும் கிளீட்டஸ் வாசிங்கர் ஒருநாள் வழியில் வண்டியை நிறுத்தி, "அந்தக் கல்லையா எடுக்கற?" என்று கேட்டான்.

"கல்லு கல்லுதானே."

"சரிப்பா. உன் வீடு, உன் இஷ்டம்."

இல்லத்தைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. யாரும் இல்லாதவர்களும், ஆள் இருந்தும் வேண்டாதவர்களாய்ப் போனவர்களும் அங்கே இருந்தார்கள். புத்தி மந்தமான பிள்ளை, குடித்துச் சீரழிந்த சித்தப்பா, கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண். செயிண்ட் ஓடிலில் எல்லாக் குடும்பத்திலும் டென்வரிலோ ஓரிகனிலோ ஒரு ஆள் இருப்பதாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் பாதிப்பேர் குன்றின் மேல்தான் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கோயில்காரர்கள் ஆரஞ்சுப் பழக் கூடைகளோடு அங்கே போவது வழக்கம். வண்டிகள் வரும் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்தவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள், வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று. வந்தவர்கள் பழங்களைக் கட்டில்களில் வைத்துவிட்டு, பாவம், கூச்ச சுபாவம், என்று பேசிக்கொண்டே திரும்புவார்கள்.

கோட்டை திரும்பியதற்கு லீலண்ட் முதலில் அடித்தளத்தைக் குறை சொன்னான். கிளீட்டஸ் தரைக்கு அடியில் படுத்து ஊர்ந்து பார்த்துவிட்டு வந்து, "குழாயெல்லாம் சரியாத்தான் இருக்கு. வீட்டுக்குத்தான் யாரையோ பாக்கப் பிடிக்கல" என்றான். கிடங்கின் டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி கட்டிக் கோட்டையைக் கான்கிரீட் தூண்களில் பிணைத்தார்கள். மறுநாள் ஊர்க்காரர் ஒருவர் சாலையில் கார் ஓட்டிப் போனபோது கோட்டை திரும்பிக்கொண்டது. சங்கிலி அறுபடாமல் புல்லில் சுருண்டு கிடந்தது. வெளியூர்க்காரர்களிடம் கோட்டைக்கு ஒரு வருத்தமும் இல்லை. பைபிள் விற்க வந்தவனுக்கு வாசல் நேராக நின்றது. வரி மதிப்பிட வந்த அதிகாரி, அந்நேரம் ஊர்க்காரர் ஒருவர் சாலையில் போகவே, படிவத்தில் வீடு எந்தத் திசை பார்த்தது என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் வந்தால்தான் முதுகு. யாரும் லீலண்டைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் காபிக் கடைக்குப் போவதை நிறுத்தினான். கோயிலில் கடைசி வரிசைக்கு மாறினான்.

குளிர்காலம் தொடங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உணவு நேரத்தில் ரோவீனா கேட்டாள்.

"லீலண்ட், அந்த இல்லத்துல உனக்கு யாரு இருந்தாங்க?"

"யாருமில்ல."

அவன் சொல்லி முடிப்பதற்குள் கோட்டை கால்வட்டம் திரும்பியது. மேசையில் கிடந்த வெயில் நகர்ந்து பாத்திரத் தொட்டிக்குப் போனது. ரோவீனா தன் காபியை எடுத்துக்கொண்டு வெயில் இருந்த இடத்துக்குப் போய் நின்றாள்.

"மறுபடி கேக்கறேன்."

"எங்க அக்கா" என்றான் லீலண்ட். "ஆல்மா."

"டென்வர்ல வேலைக்குப் போயி, அங்கயே கல்யாணம் ஆகி, கடுதாசி நின்னு போச்சுன்னியே. அந்த ஆல்மாவா?"

"அவளுக்கு வலிப்பு வரும். பொண்ணு கேட்டு உங்க ஊருக்கு வந்தப்ப உங்க அப்பா என்கிட்ட கேட்டாரு, உங்க குடும்பத்துல யாருக்காவது சீக்கு உண்டான்னு."

"நீ என்ன சொன்ன?"

"யாருக்கும் இல்லன்னேன். அக்கா டென்வர்ல சுகமா இருக்கான்னேன்."

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அவன் ஆல்மாவை வண்டியில் ஏற்றிக் குன்றின் மேல் விட்டுவிட்டு வந்திருந்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குச் சமைத்துப் போட்டு வளர்த்தவள் அவள். முப்பது வருடம் ஆகப்போகிறது. கிறிஸ்துமஸ் கூடைகளோடு அவனும் போயிருக்கிறான், வண்டி ஓட்டுகிறவனாக. ஒருமுறைகூட வண்டியைவிட்டு இறங்கியதில்லை. இல்லத்தை மூடியபோது அவளை எல்டன் ஊரில் முதியோர் விடுதிக்குக் கொண்டுபோனார்கள் என்பதும் தெரியும். எல்டனுக்குத் தானியம் ஏற்றிப் போகும்போதெல்லாம் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்று வழியில் போவான். இதையெல்லாம் அவன் முட்டை ஆறிப்போன தட்டைப் பார்த்துச் சொன்னான். ரோவீனா அழவில்லை. முப்பது வருடமாகத் தனக்குத் தெரியாமல் தன் பேரில் ஒரு பாவம் நடந்திருக்கிறது என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, "வண்டிய எடு" என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. சாவியை அவளே எடுத்தாள். அவள் வண்டியைக் கிளப்பிய பிறகு அவன் ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

விடுதி வாசலில் அவனால் இறங்க முடியவில்லை. ரோவீனா மட்டும் உள்ளே போனாள். அங்கே இருந்த செவிலி, ஆல்மாவின் வலிப்பு தினம் ஒரு மாத்திரையில் நின்றுபோய் எத்தனையோ வருடம் ஆகிறது, கூட்டிப் போக யாராவது வந்திருந்தால் அப்போதே அனுப்பியிருப்போம் என்று சாதாரணமாகச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில், நீலக் கோட்டும் தடித்த கண்ணாடியும் போட்ட பெண்மணி ஒருத்தி, ஒரு பையும் ஜெரேனியம் பூச்செடித் தொட்டியுமாக வெளியே வந்து, வண்டியில் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். தொட்டியை லீலண்டின் மடியில் வைத்தாள்.

"லீ, தலைமுடியெல்லாம் போச்சேடா உனக்கு."

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரெண்டு மூணு வாரம்னு சொல்லிட்டுப் போன. நானும் பெட்டியப் பிரிக்காமதான் வச்சிருந்தேன். அப்புறம் அந்தப் பெட்டிய யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

ரோவீனா வண்டியைச் செயிண்ட் ஓடிலுக்குத் திருப்பினாள். வண்டி மேட்டில் ஏறியபோது கோட்டை சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றது. ஆல்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அப்போது கோபுரமும் மதிலும் கதவும் சத்தமில்லாமல் சுற்றி வந்தன. வண்டி நின்ற இடத்துக்கு நேர் எதிரே, இறங்கினால் காலடியில் படி இருக்கும்படி கதவு வந்து நின்றது. அவள் இறங்கிச் சுவரில் கை வைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கை வைத்தாள்.

"இது சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழ இருந்த கல்லு. இங்க உக்காந்துதான் உருளைக்கிழங்கு உரிப்பேன்" என்றாள். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா, என்னை அடைச்சுவச்ச ஜெயிலப் பிரிச்சு உனக்கு அரண்மனை கட்டிக்கிட்டியா?"

லீலண்ட் ஜெரேனியம் தொட்டியைப் பிடித்தபடி நின்றான். ஊரில் பலர் பிறகு சொன்னார்கள், அந்தச் சமயத்தில் அவன் ஏதாவது பேசியிருக்க வேண்டும் என்று. என்ன பேசியிருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"கோபுரத்து ரூம் யாருது?" என்று கேட்டாள் ஆல்மா.

"எங்களோடது" என்றாள் ரோவீனா. "இனிமே உங்களோடது."

"அது சரி. படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லு அவனை."

அவன் அன்றே வைத்தான். அதன் பிறகு வருடங்கள் போயின. கோட்டை எந்தத் திசையிலும் நிலையாக நிற்கவில்லை. ஆல்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ அந்தப் பக்கம் கதவு வந்தது. காலையில் பூசணிப் பள்ளத்தருகே, மாலையில் கோதுமைப் பக்கம். பல் பிடுங்க அவளை வெளியூர் கூட்டிப்போன நாட்களில் கதவு அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆல்மா வந்த குளிர்காலத்திலேயே கிளீட்டஸ் ஒருநாள் ரொட்டியோடு வந்தான். வழக்கம்போல வீடு அவனுக்கு முதுகைக் காட்டியது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரைப் பார்த்து, "என் மாமா அன்டன் இங்க இருந்தாரு. ஓரிகன்ல இருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொன்னோம்" என்றான். கதவு அவன் எதிரே வந்தது. ஆல்மா அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அன்டன் ஹார்மோனிகா வாசிப்பார், குளிரென்றால் போர்வைக்குச் சண்டை போடுவார் என்றெல்லாம் சொன்னாள். விஷயம் பரவியது. அந்தக் குளிர்காலமும் அடுத்ததும், ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக, பெரும்பாலும் தனியாக, மேட்டில் ஏறி வந்து ஒரு கல்சுவரிடம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். பாதிரியாரும் வந்தார், அவர் சொன்ன பெயர் அவருடைய அம்மாவுடையது. சொல்ல மனமில்லாதவர்கள் சாலையில் போகும்போது மேட்டைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

லீலண்டுக்குக் கதவு தானாக வருவதில்லை. பெயரைச் சொல்லியும் வருவதில்லை. கிடங்கிலிருந்து வந்ததும் வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆல்மா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று பார்த்துச் சுற்றிப் போவான். தான் செய்த கதவைத் தானே தட்டுவான்.

"யாரு?"

"உன் தம்பி."

சில நாள் "வா, சாப்பாடு ஆறுது" என்று குரல் வரும். சில நாள் ஒன்றும் வராது. அப்படிப்பட்ட நாட்களில் அவன் படியில் உட்கார்ந்து கோதுமையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ரோவீனா ஜன்னல் வழியாக அவனுக்கு ஒரு தட்டு நீட்டுவாள். சாலையில் போகிறவர்கள் கையசைப்பார்கள். அவனும் அசைப்பான்.