மேட்ரனுக்கு மாற்றல்

"அம்மாவுக்குத் தலை நான் வாரிவிடறேன். நீ வெளியே நில்லு" என்று தம்பியின் முகத்தில் அறைவதுபோலக் கதவைச் சாத்தினாள் அக்கா.

விடிவதற்குள் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டிருந்தாள். இந்த முதியோர் இல்லத்துக்குள் அக்கா கால் வைப்பது இதுதான் முதல் தடவை. "பெத்தவளைக் கொண்டுபோய்த் தள்ளிட்டியேடா" என்று போன வருஷம் சொன்னவள், அதற்குப் பிறகு அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா மருத்துவமனையில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். நினைவு தப்பிய பிறகும் விடிந்தால் போதும், வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அவன் வீட்டில் பூட்டிய கதவோடு மல்லுக்கு நின்றாள். அக்கா வீட்டிலிருந்து நழுவி, தெருவையே தேட வைத்தாள். தோட்டமும் ஏசியுமாக இருந்த வேறொரு பெரிய இல்லத்தில் கட்டிலைக் காட்டியதும், "நான் என்ன நோயாளியா?" என்று தேம்பினாள்.

இங்கே நுழைந்ததும் ஒரு பெரியவரின் தலையணையை நிமிர்த்தி வைத்தாள். பிறகு இல்லத்து மேலாளரைப் பிடித்துக்கொண்டாள். "ஜன்னல்ல இவ்வளவு தூசி! யாரு இங்க இன்சார்ஜ்?"

"நீங்கதாம்மா. உங்களை இங்க மாத்திட்டாங்க." அவன் வாயில் வந்துவிட்டது. மேலாளரும் கண் இமைக்காமல், "வாங்க மேடம், உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்" என்றார்.

அம்மாவை ஏமாற்றித்தான் விட்டுவந்தோமோ என்று அன்றிலிருந்து அவனுக்குள் ஓர் அரிப்பு. அக்காவிடமும் சொல்லவில்லை.

கதவைத் திறந்துகொண்டு அக்கா கூடத்துக்கு வந்தாள்.

"மேட்ரனோட பொண்ணா?" சக்கர நாற்காலியில் இருந்த மூதாட்டி மடக்கினாள். "உங்கம்மா பண்ண அநியாயத்தைக் கேளு. பல் தேய்க்காம டீ கிடையாதாம். எனக்குப் பல்லே இல்ல!"

கூடம் சிரிப்பில் குலுங்கியது.

"என்னை ரெண்டு தடவை சஸ்பெண்ட் பண்ணினாங்க" என்றாள் இளம் நர்ஸ். "மதியமே ஆள் பத்தலைன்னு திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க."

"நேத்து ராத்திரி எப்படி இருந்தா?" என்றாள் அக்கா.

"வழக்கம்போல ரவுண்ட்ஸ் வந்தாங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க, நான் போய்ப் படுக்கறேன்னாங்க."

அக்கா கூடத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "எங்களையும் இப்படித்தான் படுத்துவா. காய்ச்சல்னு பொய் சொல்லி ஒரு நாள் லீவு போட முடியாது" என்றவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

ஜன்னலோரப் பெரியவர் மணிக்கட்டை நீட்டினார். "காலைலேர்ந்து யாரும் நாடி பார்க்கல."

அக்காவுக்குத் தையல் மெஷினைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"கட்டைவிரலால பிடிக்கக் கூடாதும்மா. மேட்ரன்கிட்ட திட்டு விழும்."

அவள் விரலை மாற்றினாள். தலையைத் தூக்காமல், "டேய், உன் வாட்சைக் கொஞ்சம் குடு" என்றாள்.

அம்மாவைக் கொண்டுபோக வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. கொஞ்சம் இருக்கும்படி டிரைவருக்குக் கை காட்டிவிட்டு, அவன் வாட்சைக் கழற்றினான்.