கைப்பிடிக்குள் உப்பு

முதல் பைக் வாங்கப் போகிறவளுக்கு ஊரில் எல்லாருமே மெக்கானிக். பள்ளிவாசல் மோதினார் என்னை வழியில் மறித்து, சீட் பதிவாக, கால் தரையில் படுகிறதாகப் பாருங்கள் என்றார். பக்கத்து வீட்டு நஜாத், ஸ்கூட்டிதான் பொம்பிளைக்கு அழகு என்றாள். அவளிடம் ஸ்கூட்டியும் இல்லை, ஒழுங்கான ஒரு சைக்கிளும் இல்லை. ஆனால் புத்தி சொல்ல மட்டும் முன்னால் நின்றாள்.

நான் கருவாடு வாங்கி விற்கிறவள். வாரத்தில் நாலு நாள் கற்பிட்டியிலிருந்து கண்டக்குழிக்குப் போய், மீன் காயப்போடுகிற வாடிகளில் சரக்குப் பார்த்து வருவேன். அந்த மணலில் ஸ்கூட்டியின் சின்னச் சில்லு புதைந்தால் நாலு பேர் வந்து தூக்க வேண்டும். எனக்கு வேண்டியது பெரிய சில்லு, பதிவான சீட், கிளச் பிடிக்காமல் காலால் கியர் போடுகிற சின்ன பைக். எழுத்துச் சோதனை பாஸாகி எல் போர்டும் வாங்கிவிட்டேன். ஒல்லாந்தர் கோட்டைப் பக்கத்துத் திடலில் இரவல் பைக்கில் பத்து நாள் பழகியும் இருந்தேன். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், பிறகு என் தங்கச்சி ஷிம்லாவை அவள் படிப்பிக்கிற பாலர் பாடசாலையில் இறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் என் வியாபாரம். இதுதான் என் திட்டம்.

அப்படி ஒரு பைக் தன்னிடம் இருக்கிறது என்று சொல்லியனுப்பினான் சியாம். வேறு யாரும் இல்லை, ஷிம்லாவை முடிக்கப் போகிற மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஷிம்லாவுக்கு முப்பது வயது. இது மூன்றாவது சம்பந்தம். முதலாவது தானாகப் போனது. இரண்டாவது என் வாயால் போனது. மாப்பிள்ளை வீட்டார் சீதனமாக இந்த வீட்டைக் கேட்டபோது, "வீட்டத் தந்துட்டு நாங்க ஒல்லாந்தன்ட கோட்டைக்குள்ளயா படுக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல் எழும்பிப் போனார்கள். அதன் பிறகு இரண்டு வருஷம் யாரும் இந்தப் படி ஏறவில்லை. உம்மாவும் வாப்பாவும் இல்லாத வீட்டில் அவளை வளர்த்தது அவளுடைய ராத்தா, மூத்தவளான நான். ஒரு நாளாவது அவள் என்னைக் குறை சொல்லியிருந்தால் பரவாயில்லை. சொல்லவே இல்லை. இந்தச் சம்பந்தமும் என்னால் முறிந்தால் நான் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அஸர் தொழுது முடித்த நேரம் பைக் சின்ன லொறியில் வந்து இறங்கியது. கறுப்புப் பெயின்ட் கண்ணைப் பறித்தது. சியாமின் உம்மா மர்ளியா மாமி ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு ஆட்டோவில் வந்திருந்தார். ஷிம்லா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். திரைக்குக் கீழே அவள் பாதம் மட்டும் தெரிந்தது.

"ஓட்டிட்டே வந்திருக்கலாமே தம்பி" என்றேன்.

"பொலிஷ் பண்ணின சாமான், ராத்தா. தூசி படாம உங்கட கையில தரணும்னு நெனச்சன்."

"மாஷா அல்லாஹ், மதினிமாருக்கு இப்பிடி யாரு செய்வாங்க?" என்றார் மாமி. மகனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கும் அவரைப் பிடிக்கும். சூது வாது தெரியாத மனுசி.

ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரையில் பட்டன. எங்கள் ஒழுங்கை நேராக, கடல் உள்ளே வந்து தேங்கி நிற்கிற களப்பின் கரைக்குப் போகும். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கருவாட்டுப் பந்தல், முடிவில் கவிழ்த்துப் போட்ட படகுகள். பிஸ்மி சொல்லி முதல் கியரைப் போட்டேன். பைக் பூனைக்குட்டி மாதிரிப் போனது. இரண்டாவது கியர். காற்று முகத்தில் அடித்தபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

படகுகள் கிட்ட வந்ததும் எக்ஸலேட்டரிலிருந்து கையைத் தளர்த்தினேன். சத்தம் குறையவில்லை. இன்னும் தளர்த்தினேன். அதே சத்தம். யா அல்லாஹ்! இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பின்சில்லு மணலில் இழுபட்டது, முன்சில்லு கேட்கவில்லை, படகின் அடிமரம் என் முழங்காலை நோக்கி வந்தது. சாவியைத் திருப்ப வேண்டும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. ஹேண்டிலை ஒரு பக்கம் வெட்டினேன். வலைக் குவியலில் செருகி, எஞ்சின் இருமி நின்றது. படகுக்கும் எனக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

சியாம் ஓடி வந்தான். நான் வாய் திறக்கும் முன்னால் அவன் சிரித்தான்.

"புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் இப்பிடித்தான் ராத்தா. பயத்துல கைய முறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, விட்டுட்டன் விட்டுட்டன்னு சொல்லுவாங்க."

"நான் விட்டன் தம்பி."

"விட்டா நிக்குமே."

மாமி வாசலில் இருந்தே, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!" என்று சொல்லிக் கையைத் தட்டினார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நானும் பல்லைக் காட்டினேன்.

அவன் இன்னொரு முறை ஓட்டச் சொன்னான், ஓட்டினேன். இந்த முறை ஒரு கோளாறும் இல்லை. கையைத் தளர்த்தினால் வேகம் குறைந்தது, பிரேக் பிடித்தால் நின்றது. இதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. பழகினவள் என்றால் பைக் பிழையா, கை பிழையா என்று அவளுக்குத் தெரியும். பத்து நாள் ஓட்டினவளுக்கு என்ன தெரியும்? என் கைதான் பிழை விட்டிருக்குமோ? ஒருவேளை அவன் சொல்வது சரியோ? ஆனால் இதில்தான் நாளைக்கு என் மகள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறாள்.

நயமாகக் கழன்றுவிடலாம் என்று பார்த்தேன். "சீட் கொஞ்சம் ஒசரமோ?" என்றேன்.

"ஒரு நட்டக் கழட்டினா பதியும்."

"பாரமாவும் ஈக்குது."

"பாரம் நல்லது ராத்தா. கச்சான் காத்துல தள்ளாது."

"ரெண்டு நாள் யோசிச்சிட்டு சொல்றனே."

மாமியின் முகம் வாடியது. "குடும்பத்துக்குள்ள என்ன யோசன ஸுஹைரா? எங்கட மேல நம்பிக்க இல்லையா?"

திரைக்குக் கீழே ஷிம்லாவின் பாதம் அசைந்தது. பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். 'வாங்கித் தொலை, ஸுஹைரா' என்று எனக்கு நானே சொன்னேன். 'வாங்கி மூலையில் நிறுத்து. நிக்காஹ் முடியட்டும்.' சாவிக்காகக் கையை நீட்டியும் விட்டேன்.

ஆனால் என் கை சும்மா இருக்காது. இருபது வருஷம் கருவாடு பார்த்த கை. கருவாட்டில் மேலே தூவின உப்பு வேறு, உள்ளே ஊறின உப்பு வேறு. மேலே வெள்ளையாகத் தூவி, உள்ளே அழுகினதை விற்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. அதனால் நான் முள்ளுக்குப் பக்கத்தில் பிய்த்து நாக்கில் வைக்காமல் ஒரு கட்டையும் எடுப்பதில்லை. கற்பிட்டியில் கடல் காற்றுப் படாத பைக் கிடையாது. எல்லாவற்றிலும் வெளியே உப்புப் பூக்கும். உள்ளே?

எக்ஸலேட்டர்க் கைப்பிடியின் ரப்பர் நுனியை மடக்கினேன். ஹேண்டில் குழாயின் வாய் தெரிந்தது. சுண்டுவிரலை விட்டுச் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில் ஈரப் பொடி நகத்தோடு வந்தது.

"என்ன செய்றீங்க ராத்தா?" என்றான் சியாம்.

நாக்கில் வைத்தேன். உப்பு. உப்போடு துருவும், அதற்கு அடியில் களப்புச் சேற்றின் கசப்பும் இருந்தன. காற்று சேற்றைக் கொண்டுவந்து குழாய்க்குள் வைக்காது. இது தண்ணீரில் கிடந்த பைக். எக்ஸலேட்டர் வயர் உள்ளே துருப்பிடித்து, நினைத்தபோது இறுகுகிறது. என் கை பிழை விடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. ஆனாலும் ஷிம்லாவை நினைத்துக் குரலைத் தாழ்த்தினேன். அவனை லொறிப் பக்கம் கூப்பிட்டு, மாமிக்குக் கேட்காமல் கேட்டேன்.

"தம்பி, இது களப்புல விழுந்த சாமானா? ஓம்னா ஓம்னு சொல்லுங்க. திருப்பி ஏத்திட்டுப் போங்க, நான் யாருக்கும் சொல்ல மாட்டன். சீட் ஒசரம்னு சொல்லிக்கிறன்."

அவன் என் கண்ணைப் பார்த்தான். "வல்லாஹி இல்ல ராத்தா."

பைக்கைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் வியாபாரம் என்று விட்டிருப்பேன். அல்லாஹ்வின் பெயரை இழுத்தான். அதோடு என் பொறுமை முடிந்தது.

"நல்லது" என்று சத்தமாகச் சொன்னேன். "அப்ப நீங்க ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. மாமிய பின்னால ஏத்திட்டு, கண்டக்குழிச் சந்தி வரைக்கும். நல்லா முறுக்கி ஓட்டுங்க."

"உம்மாவையா? என்னத்துக்கு?"

"நான் என்ட மகள ஏத்தப் போறனே, அதுக்கு."

சியாமுக்கு முன்னால் மாமி எழும்பிவிட்டார். "இதென்ன பெரிய வேலையா? என்ட மகன் ஓட்டுறதுன்னா நான் கொழும்பு வரைக்கும் போவன்!" சேலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, மறுகையால் என் தோளைப் பிடித்து, பக்கவாட்டாக ஏறி உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்தார். "வா மகன், ஸ்டார்ட் பண்ணு. இவங்கட சந்தேகத்தத் தீத்துட்டு வருவம்."

சியாம் வந்து முன்னால் ஏறினான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் உடனே பிடித்தது. நான் பதறிப்போனேன். இவன் வீம்புக்கு ஓட்டிவிடுவானோ? சந்திக்குப் போகிற பாதையில் லொறியும் பஸ்ஸும் வரும். அந்த மனுசிக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவம் என் தலையில் அல்லவா விழும்? நிறுத்து என்று கத்த வாய் திறந்தேன்.

அவன் கியரைப் போடவில்லை. கை எக்ஸலேட்டரில் இருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

"போவன் மகன்" என்றார் மாமி.

அவன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான்.

"எறங்குங்க உம்மா."

"ஏன்?"

"எறங்குங்கன்னு சொல்றன்ல!"

மாமி உடனே இறங்கவில்லை. மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து மெல்ல இறங்கினார்.

"இதுக்கு என்ன நடந்திச்சி?" என்று கேட்டார்.

"வண்ணாத்திவில்லுப் பக்கம் படகுல ஏத்திட்டுப் போகக்குள்ள. களப்புல விழுந்திச்சி." அவன் தலை நிமிரவில்லை. "ரெண்டு நாள் கிடந்திச்சி. எல்லாம் கழட்டிக் கழுவித்தான் பூட்டினது. எப்பயாச்சும் ஒருக்காதான் அப்பிடி இறுகும், உம்மா."

"இந்தப் புள்ள இப்பத்தான் பழகுது. அதுட மகளும் ஏறும். தெரியுமா உனக்கு?"

நான் ஆயிரம் சொல்ல நினைத்தேன். நல்ல கெட்ட வார்த்தைகளாகவே வரிசையில் நின்றன. ஆனால் திரை விலகி ஷிம்லா வெளியே வந்துவிட்டாள். கையில் போன் இருந்தது. மாப்பிள்ளைக்கு முன்னால் அவள் இப்படி நேரே வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"முந்தாநாள் எனக்கு மெஸேஜ் போட்டீங்க" என்றாள் அவனிடம். "ராத்தாட பைக்ல நீ ஒருநாளும் ஏறாத, ஏன்னு கேக்காதன்னு."

சியாம் அவளைப் பார்த்தான். "உனக்கு ஒண்டும் ஆகிடக் கூடாதுன்னுதான், ஷிம்லா."

"ஓம். எனக்கு வெளங்கல்ல. என் மேல அவ்வளவு விருப்பம்னு நெனச்சன். எத்தின தரம் எடுத்து வாசிச்சன் தெரியுமா?" போனை அவன் பக்கம் நீட்டினாள். "ராத்தாக்கும் புள்ளைக்கும் ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல்லையா உங்களுக்கு?"

அவன் ஏதோ சொல்ல வந்தான். மாமி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"புள்ள..." என்று ஷிம்லாவின் பக்கம் திரும்பினார்.

ஷிம்லா கிட்டப் போய் மாமியின் சரிந்திருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டாள். "நீங்க ஒண்டும் நெனைக்காதீங்க மாமி" என்றாள். "வெள்ளிக்கிழமை நிக்காஹ்வுக்கு மட்டும் யாரும் வராதீங்க."

நான் வாசற்படியில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன்.