புங்கமேட்டுக்கு இரண்டு மைல்

1

இந்தக் கதை என் டைப்ரைட்டரிலிருந்து வந்தது. மனசிலிருந்து வந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் முதல் வரியிலேயே பொய் சொல்லிவிட்டால் நடுவில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

ரோடு போடுகிற ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். எந்த ஆபீஸ், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது, அப்புறம் பென்ஷன் வேறு வரவேண்டும். என் பெயர் ஞானமேரி. அதைச் சொல்வதில் ஆபத்தில்லை, எங்கள் தெருவிலேயே நாலு ஞானமேரி இருக்கிறோம்.

1978-இல் ஒரு எஸ்டிமேட் வந்தது. ஆலங்காயத்துக்கு மேலே, மலையடியில் நின்றுபோன ரோட்டை நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் நீட்டுவதற்கு. அதை நான்தான் கார்பன் வைத்து நாலு காப்பி அடித்தேன். அதில் ஒரு வரி: 'இரட்டைப் பாறையிலிருந்து புங்கமேடு வரை: 2 மைல்.' ஐந்து வருஷமாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

(தூங்கவிடவில்லை என்பது கதைக்காக. நன்றாகத்தான் தூங்குகிறேன். சாப்பிடும்போதுதான் ஞாபகம் வருகிறது.)

2

ஜவ்வாது மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு

வேண்டாம். பனியில் தொடங்குகிற கதையை நானே ரெண்டாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவேன்.

அம்மாக்கண்ணு என்றொரு ஏழைப் பெண், விதியின் கொடுமையால்

இதுவும் வேண்டாம். அம்மாக்கண்ணு காதில் விழுந்தால் சும்மா விடமாட்டாள். அவளுக்கு ரெண்டு கொல்லை சாமை விளைகிறது, ஏழு புளியமரம் இருக்கிறது, அடங்கின புருஷன் இருக்கிறான்.

அம்மாக்கண்ணுவுக்கு ஊர் சுற்றப் பிடிக்கும்.

ஆங், இதுதான் சரி. இதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம்.

3

அம்மாக்கண்ணுவுக்கு ஊர் சுற்றப் பிடிக்கும். புங்கமேட்டிலிருந்து ஆலங்காயம் சந்தைக்கு வாரம் தவறாமல் தலையில் புளிமூட்டையோடு இறங்குவாள். ஆம்பிளைகள் ரெண்டு இடத்தில் மூட்டையை இறக்கி இளைப்பாறினால் அவள் ஒரு இடத்தில்தான் இறக்குவாள். மூட்டையை மண்டியில் போட்டாளோ இல்லையோ, நேரே மதலேனாளின் கருவாட்டுக் கடைக்குப் போய்ச் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவாள். டீ வரும். பிறகு பேச்சு. ஊரில் எவள் எவனைப் பார்த்தாள், எந்த மாமியார் என்ன சொன்னாள், பக்கத்துக் கடைக்காரன் தராசில் என்ன செய்கிறான், எல்லாம் பேசி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிடும். இருபது வருஷம் இப்படி. கூடப் பிறந்தவர்கள்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

76-இல் ஒரு மழைநாள் பாறையில் வழுக்கி விழுந்தாள். இடது காலில் எலும்பு முறிந்தது. கட்டுக் கட்டினார்கள், கூடியது, கோணலாகக் கூடியது. சமதரையில் நடப்பாள். கொல்லைக்குக் களையெடுக்கப் போவாள், தண்ணீர் எடுப்பாள். இறக்கத்தில் கால் வைத்தால் முழங்கால் வெட்டிக்கொள்ளும். அதோடு ஆலங்காயம் நின்றது.

மதலேனாளும் மேலே வரமுடியாது. கனத்த உடம்பு, அதில் மூச்சிழுப்பு வேறு. 'எப்பிடி கீறேன்னு கேட்டதா சொல்லு' என்று இவள் மூட்டைக்காரர்களிடம் சொல்லியனுப்புவாள். 'இன்னா, இருக்கேன்னு சொல்லு' என்று அவள் பதில் அனுப்புவாள். இருபது வருஷப் பேச்சு இப்படி ரெண்டு வார்த்தையாகச் சுருங்கியதில் அம்மாக்கண்ணு தவித்துப்போனாள். பஸ் ஒன்று வந்தால் போதும், ஏறி உட்கார்ந்து இறங்கிவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

(ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். மதலேனாள் எனக்கு அக்கா முறை, பெரியம்மா மகள். எஸ்டிமேட் அடித்தவளுக்கும் கருவாட்டுக் கடைக்காரிக்கும் உறவென்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் நம்ப மாட்டேன். ஆகவே உறவை இந்த இடத்தில் வெட்டிவிடுகிறேன். மதலேனாள் எனக்கு யாரோ.)

4

இனி வழக்கு. மலையேற ரெண்டு வழி. ஓடை வழி ஓடைக்கொல்லைக்குப் போகும். ஏழு மைல், நடுவில் ரெண்டு பாலம் கட்டவேண்டும். மேட்டு வழி இரட்டைப் பாறை வழியாகப் புங்கமேட்டுக்குப் போகும், பாலம் கிடையாது. சர்க்கார் ஒன்றுக்குத்தான் பணம் கொடுக்கும்.

ஓவர்சியர் பிலிப்ராஜ் ஓடை வழியைச் சங்கிலி பிடித்து முழுசாக அளந்துவிட்டார். மேட்டு வழியில் கீழேயிருந்து இரட்டைப் பாறை வரைக்கும் நாலு மைல் அளந்தார்; அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, சங்கிலி பிடித்தவனுக்குக் காய்ச்சல். பாறைக்கு மேலே அளக்கவே இல்லை. ஆட்களையும் படுக்கையையும் ஓடைக்கொல்லையில் விட்டுவிட்டு, அங்கிருந்து குறுக்கே ஒரு மைல் நடந்து, இரண்டு ஊரையும் கூட்டிவைத்துப் பேசப் புங்கமேட்டுச் சாமைக் களத்துக்கு வந்தார்.

களத்தில் நடந்த பேச்சை வரிக்கு வரி எழுதினால் இந்தக் கதை இன்றைக்கு முடியாது. புங்கமேட்டு ஊர்க்கவுண்டர் தாண்டவராயன், பாலத்துக்குக் கொட்டுகிற பணத்தைத் தண்ணீரில் கொட்டுவதும் ஒன்றுதான் என்றார். ஓடைக்கொல்லை ராஜாக்கண்ணு, மேட்டில் பஸ்ஸுக்கு மூச்சு வாங்கும், இன்ஜினுக்கு ஊற்றத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்றார். ஒருத்தர், பஸ் வந்தால் ஃபாரஸ்டுக்காரன் சுருக்காக வந்துவிடுவான், அதனால் பஸ்ஸே வேண்டாம் என்றார். அவரை ரெண்டு ஊரும் சேர்ந்து உட்காரவைத்தது. அன்றைக்கு இரண்டு ஊரும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

கடைசியில் ராஜாக்கண்ணு இறங்கிவந்து சொன்னார்: "எங்க ஊருக்கு வந்தா உங்களுக்கு வராத மாதிரியா? நடுவுல ஒரு மைலு சமதரை. காலாற நடந்து வந்து ஏறிக்கினு போங்களேன்."

ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணுவுக்கு இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சமதரை ஒரு மைல் அவளால் முடியும். ஆனால் அவன் ஊரில் போய் நின்று பஸ் ஏறுவதா என்று புங்கமேடே எழுந்து நின்றபோது, உட்கார்ந்திருந்தவள் வாயைத் திறக்க முடியுமா?

5

கூட்டம் கலைந்தது. பிலிப்ராஜ் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். புது ஷூ. குதிகாலில் ரெண்டு பக்கமும் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. அம்மாக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. கால் வலி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். வேப்பெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணெயைத் தடவிக்கொண்டே அவர் கேட்டார்: "ஏம்மா, இங்கேருந்து இரட்டைப் பாறை எவ்வளவு தூரம் இருக்கும்?"

இங்கே கதையை நிறுத்தி மலை வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நடந்து அலுத்தவன் தூரம் கேட்டால் உள்ளதைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் கால் சோர்ந்துவிடும். பத்து மைலை மூன்று என்பார்கள், ஐந்தை ரெண்டு என்பார்கள். கேட்கிற மலைக்காரனுக்கும் இது தெரியும். மனசுக்குள் கூட்டிக்கொண்டு நடப்பான். இது பொய்யில் சேர்த்தியில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுப்பதோடு சேர்த்தி.

அம்மாக்கண்ணு அந்தக் குதிகாலைப் பார்த்தாள். பாவம், இந்தக் காலோடு இந்த மனுஷன் மேட்டு வழியாக இறங்கப் போகிறார் என்று நினைத்தாள்.

"கிட்டதாங்க சார். ரெண்டு மைல் இருக்கும். வெத்தல போட்டுக்கினே போய்ட்லாம்" என்றாள்.

பிலிப்ராஜ் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, வந்த வழியே ஓடைக்கொல்லைக்குத் திரும்பிப் போனார். மேட்டு வழியில் அவர் கால் வைக்கவே இல்லை.

நடக்கிறவன் கேட்கிறான் என்று அவள் நினைத்தாள். கேட்டவர் எழுதுகிறவர்.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம். அம்மாக்கண்ணு தெரிந்தேதான் குறைத்துச் சொன்னாள் என்று வைத்தால் என்ன? தன் ஊருக்கே ரோடு வரட்டும் என்று ஒரு தந்திரம். கதை கெட்டிக்காரத்தனமாக ஆகிவிடும், நாலு பேர் பாராட்டுவார்கள். ஒரு பக்கம் அப்படி எழுதியும் பார்த்தேன். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. வேப்பெண்ணெய் கொண்டுவந்த கையைத் திருட்டுக் கையாக மாற்ற எனக்கு மனசு வரவில்லை. கிழித்துவிட்டேன்.

அப்படியானால் பிலிப்ராஜை வில்லனாக்கலாமா? அதுவும் முடியாது. நல்ல மனுஷர். எங்கள் ஆபீஸில் டீக்குக் காசு கொடுக்கிற ஒரே ஓவர்சியர்.

அப்போது யார்தான் மிச்சம்? சுற்றிச் சுற்றிப் பார்த்தால் டைப்பிஸ்ட் ஒருத்தி மிஞ்சுகிறாள்.

எஸ்டிமேட் அடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதோடு பழைய சர்வே வரைபடம் ஒன்றும் குத்தியிருந்தது. மேட்டு வழி, பாறை வரை நாலு மைல், மேலே ரெண்டு. படத்தில் அந்த ரெண்டு, கீழே இருக்கிற நாலைவிட நீளமாகத் தெரிந்தது. அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். ஆமாம், நீளம்தான். பிலிப்ராஜிடம் கேட்டேன். "மலைக்காரம்மாவே சொல்லிச்சும்மா. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?" என்றார். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். எனக்கு அஞ்சு மணி பஸ். அடித்துக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

ஆறு மைல், பாலமும் கிடையாது என்றதும் மேட்டு வழிதான் மலிவு என்று முடிவானது. புங்கமேட்டில் ஆடு வெட்டினார்கள். ஓடைக்கொல்லைக்காரர்கள் ஒரு வருஷம் இவர்களோடு பேசவில்லை.

உண்மையில் பாறைக்கு மேலே இருந்தது ஐந்து மைல்.

7

நீங்கள் கணக்கில் கெட்டி என்றால் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆறு மைலுக்கு வந்த பணம் ஆறு மைலில் தீர்ந்தது. இந்த வருஷம் ரோடு முடிந்து பஸ்ஸும் விட்டுவிட்டார்கள். புங்கமேட்டுக்கு மூன்று மைல் கீழே, ஒரு ஈச்சம்புதர் பக்கத்தில் பஸ் நின்று திரும்புகிறது. மூன்று மைலும் செங்குத்து இறக்கம். அம்மாக்கண்ணுவின் கால் போகக்கூடாத அதே இறக்கம்.

ராஜாக்கண்ணு சொன்னதைக் கேட்டிருந்தால் ஒரு மைல் சமதரையில் நடந்து எப்போதோ மதலேனாள் பக்கத்தில் சாக்கு விரித்திருப்பாள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ரோடு நின்ற செய்தி வந்த அன்றைக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தவள், துடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கோபால்சாமிதான் மிச்சத்தைக் கிண்டி இறக்கினான். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

8

முடிவுகள். எனக்குத் தெரிந்தவரை மூன்று.

முதல் முடிவு: இரண்டு ஊரும் பகையை மறந்து, கடப்பாறையும் மண்வெட்டியுமாகக் கிளம்பி மிச்ச மூன்று மைலையும் தாங்களே போட்டு

எழுதிப் பார்த்தேன். சினிமாவுக்கு முன்னால் போடுகிற செய்திப்படம் மாதிரி இருந்தது. தாண்டவராயனும் ராஜாக்கண்ணும் ஒரே கடப்பாறையைப் பிடிப்பதை நான் எழுதினாலும் அவர்கள் பிடிக்க மாட்டார்கள்.

இரண்டாவது முடிவு: பிலிப்ராஜ் தவற்றை ஒப்புக்கொண்டு மேலே எழுதுகிறார், கூடுதல் பணம் வருகிறது. முதல் பாதி நடந்தது. மூன்று தடவை எழுதினார், மூன்றையும் நான்தான் டைப் அடித்தேன். பிறகு அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

மூன்றாவது: தூளி கட்டி நாலு பேர் அவளைப் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கோபால்சாமி ஆள்கூடப் பேசிவிட்டான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"தூளியில போனா ஆஸ்பத்திரிக்குப் போவணும், இல்ல சுடுகாட்டுக்குப் போவணும். கத பேசறதுக்கு எவளாவது தூளியில போவாளா? நானு நடந்து போனவ" என்றாளாம்.

9

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். போன மாதம் மதலேனாள் புளிமூட்டைக்காரன் துரைக்கண்ணுவிடம் சொல்லியனுப்பினாள்: வர்ற வியாழக்கிழமை பஸ்ஸில் கடைசி வரைக்கும் வர்றேன், அங்கிருந்து மேலே ஏறப் பார்க்கிறேன் என்று. இழுப்புக்காரிக்கு இது தேவையா என்று துரைக்கண்ணு புத்தி சொன்னான். அவள் கேட்கவில்லை. ஏழு வருஷம் பொறுத்தாயிற்று என்றாள்.

செய்தி மேலே போனது. வியாழன் விடிந்ததும் அம்மாக்கண்ணு ஒரு கழியை ஊன்றிக்கொண்டு கிளம்பினாள். நல்ல புடவை கட்டிக்கொண்டாள். கோபால்சாமி கூட வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவன் சரி என்றான். இருபது அடி தள்ளிப் பின்னாலேயே வந்தான். அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குப் பஸ் ஈச்சம்புதரில் நின்றது. மதலேனாள் தூக்குச்சட்டியோடு இறங்கினாள். பஸ் அங்கேயே நின்று நாலு மணிக்குத்தான் திரும்பும், அதைவிட்டால் மறுநாள்தான் என்று கண்டக்டர் ரெண்டு தடவை சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு மேலே பார்த்தாள், மூச்சை இழுத்துக்கொண்டாள், ஏறத் தொடங்கினாள்.

மேலேயிருந்து ஒருத்தி கோணல் காலோடு இறங்குகிறாள். கீழேயிருந்து ஒருத்தி இழுப்போடு ஏறுகிறாள். நடுவில் மூன்று மைல்.

10

எங்கே சந்தித்தார்கள், சந்தித்தார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதையே கேட்டேன், மதலேனாள் அக்காவிடமே போய். (ஆமாம், உறவை வெட்டியிருந்தேன். இப்போது ஒட்டிக்கொள்கிறேன். இதற்கு மேல் யாரோ என்று எழுத என்னால் முடியவில்லை.) அந்த ரெண்டு மைலை அடித்தது நான்தான் என்பதையும் அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அக்கா கருவாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டுன்னு அடிச்சவ நீதானே. போயி நடந்து பாரு. அப்புறம் வா, சொல்றேன்" என்றாள்.

நான் இன்னும் போகவில்லை. ஒரு வாரம் லீவு கிடைக்கவில்லை, மறு வாரம் மழை, பிறகு இந்தக் கதையை எழுத உட்கார்ந்துவிட்டேன். போகாமல் இருப்பதற்காகத்தான் எழுதுகிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. ஈச்சம்புதருக்கு அரை மைல் மேலே சந்தித்தார்கள் என்று எழுதிவிட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, உங்களுக்கும் நிம்மதி. ஆனால் பார்க்காத தூரத்துக்கு ஒரு தடவை எண் போட்டவள் நான். இன்னொரு தடவை போட மாட்டேன்.

முடிவு வேண்டும் என்கிறவர்கள் போய்ப் பாருங்கள். ஆலங்காயத்திலிருந்து பஸ் ஒன்பதரைக்கு, வியாழக்கிழமை கூட்டம் இருக்காது. முன்னால் போகிறவர்கள் எனக்கும் ஒரு இடத்தில் துண்டு போட்டு வையுங்கள்.