பாளையங்கோட்டைக்கு நாலு வண்டி

இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழை செவ்வாய்க்கிழமை விடிந்தபோதுதான் ஓய்ந்தது. வீரவநல்லூரில் சங்கரி கண் விழித்ததும் முதலில் அப்பாவைத்தான் போய்ப் பார்த்தாள். ஐயம்பெருமாள் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்திருந்தார். முகம் ஊதியிருந்தது. ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

தாலுகா ஆபீசில் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நேற்று போக முடியவில்லை. போனில் சிக்னலும் இல்லை, ஆம்புலன்சுக்குச் சொல்லவும் வழியில்லை.

"கிளம்புங்கப்பா. எது ஓடுதோ அதுல போயிருவோம்."

"ரோடே இல்லைங்காங்களே."

"ரோடு இல்லாத இடத்துல ஓடவும் வண்டி இருக்கு."

சங்கரி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவு விரிவுரையாளர். வண்டிகள் எப்படிப் பிறந்தன, எத்தனை வகை, எது எதற்கு என்ற முதல் பாடத்தைப் பதினான்கு வருஷமாக நடத்துகிறாள். எரிபொருளால் வகை, சக்கரத்தால் வகை, வேலையால் வகை. அந்த வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். அவளுக்கு மட்டும் அது இன்னும் அலுக்கவில்லை. ஒவ்வொரு நட்டுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாலே அவளுக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

அவளுடையது சின்ன பெட்ரோல் கார். சேரன்மகாதேவி தாண்டி, பத்தமடையும் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் வயல் எது, ரோடு எது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை வைத்துத்தான் நடுவில் ரோடு இருப்பதாக யூகிக்க வேண்டியிருந்தது. தண்ணீருக்கு நடுவே பெரிய கறுப்புக் கார் ஒன்று செத்து நின்றது. அதன் சொந்தக்காரர் இடுப்பளவு தண்ணீரில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சங்கரி காரை ஓர் அரிசி ஆலையின் மேட்டில் ஏற்றி நிறுத்தினாள்.

"பைய போனா போயிராதா?" என்றார் ஐயம்பெருமாள்.

"இஞ்சினுக்கு மூச்சு விடுத வாய் முன்னால லைட்டுக்குப் பக்கத்துல இருக்குப்பா. தண்ணி உள்ள போச்சுன்னா காத்துக்குப் பதிலா அதை அமுக்கப் பாக்கும். தண்ணி அமுங்காது. உள்ள இருக்க இரும்பு வளைஞ்சிரும். இது தார் ரோட்டுக்குன்னு செஞ்சது. அதுல இதை அடிச்சுக்க முடியாது. இங்க வேற ஆளு வேணும்."

வேறு ஆள் அரை மணி நேரத்தில் வந்தது. பால் கேன்களை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு சிவப்பு டிராக்டர். ஓட்டியவர் பெயர் நெல்லையப்பன், ஐம்பது வயதிருக்கும். தான் பாலிடெக்னிக் டீச்சர் என்று சொல்லி சங்கரி விஷயத்தை விளக்கியதும் அவர் உடனே கீழே குதித்தார். ஆலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி டிரெய்லரில் போட்டு, அதில் ஐயம்பெருமாளை உட்கார வைத்து, ஒரு துண்டால் நாற்காலியைக் கம்பியோடு கட்டினார்.

"தருவை பாலம் தாண்டி விட்டுருதேன் டீச்சர். ஒண்ணு சொல்லிருதேன், இது என் மச்சினன் வண்டி. அவன் சென்னையில மாட்டிக்கிட்டான். நான் பால் வேன் ஓட்டுதவன். நேத்துல இருந்துதான் இதுல ஏறியிருக்கேன்."

டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கியது. சங்கரி டிரெய்லரின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புகைக்குழாய் வானத்தைப் பார்த்து நின்றது, காற்று இழுக்கும் குழாயும் பானெட்டுக்கு மேலே. பின்சக்கரம் அவள் தோள் உயரம். டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை அமுக்கி அமுக்கி அந்தச் சூட்டிலேயே எரித்துக்கொள்ளும், அதனால் நனைந்து அணைந்துபோக அங்கே ஒன்றுமில்லை. சேற்றில் உழப் பிறந்த வண்டிக்கு வெள்ளம் இன்னொரு வயல். கறுப்புக் காரை அது நிதானமாகக் கடந்து போனபோது சங்கரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கரும்பலகையில் நூறு தடவை வரைந்திருக்கிறாள். ஏறி நின்றது இன்றைக்குத்தான்.

தருவையின் பச்சையாற்றுப் பாலம் தெரியும் தூரத்தில் வண்டி சடாரென்று வலப்பக்கம் சாய்ந்தது. ரோட்டோரம் அரித்துப்போன பள்ளம். வலது பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி சுற்றியது. இடது சக்கரம் அசையாமல் நின்றது. நெல்லையப்பன் இன்னும் வேகம் கொடுக்க, வண்டி இன்னும் இறங்கியது. பால் கேன்கள் சரிந்து உருண்டன. ஐயம்பெருமாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க! ஆக்சிலேட்டரை விடுங்க!"

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைய ஓட வேண்டும். அதற்காக இரண்டுக்கும் தனித்தனியாக ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்க ஓர் ஏற்பாடு எல்லா வண்டியிலும் உண்டு. அருமையான ஏற்பாடுதான். ஆனால் சேற்றில் அது ஓட்டத்தையெல்லாம் வழுக்குகிற சக்கரத்துக்கே கொடுத்துவிடும். அதைத் தெரிந்தே, டிராக்டர் செய்தவர்கள் இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள்.

"உங்க வலது குதிகாலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பெடல் இருக்கா பாருங்க."

"இருக்கு. இது எதுக்குன்னு தெரியல, நான் தொடல."

"கிளட்சை அமுக்குங்க. டயர் சுத்துறது நிக்கட்டும். ஸ்டியரிங்கை நேரா வச்சுக்கிட்டு அந்தப் பெடலை அழுத்தி மிதிங்க. காலை எடுக்காம கிளட்சைப் பைய விடுங்க."

நெல்லையப்பன் முருகா என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டு மிதித்தார். அடியில் எங்கேயோ 'கடக்' என்று இரும்பு கவ்வுகிற சத்தம். அடுத்த நொடி, அதுவரை சும்மா நின்ற இடது சக்கரமும் சேர்ந்து திரும்பியது. இரண்டு சக்கரமும் ஒரே சக்கரம் போலப் பூமியைப் பிடித்து இழுத்தன. அந்த இழுப்பு இரும்பு வழியாக ஏறிச் சங்கரியின் பாதத்துக்கு வந்தது. வண்டி பள்ளத்திலிருந்து மெல்ல மெல்ல எழுந்து மேட்டில் நின்றது.

"காலை எடுத்திருங்க அண்ணாச்சி, இனிமே வளைவு வருது."

நெல்லையப்பன் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சேறு. "டீச்சர், இதெல்லாம் வெச்சுதான் செஞ்சிருக்கானா! மச்சினன் பய ஒரு வார்த்தை சொல்லலியே!"

சங்கரி சிரித்தாள். அப்பாவின் நாற்காலியைக் கட்டிய துண்டை இழுத்துப் பார்த்து இறுக்கினாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் உடைப்பு அடைக்க மணல் மூட்டை இறக்கிவிட்டு ஒரு டிப்பர் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹசன் அலி, மேலப்பாளையத்துக்காரர். அவரும் நெல்லையப்பனும் ஐயம்பெருமாளை நாற்காலியோடு தூக்கி, கேபினுக்குள் ஏற்றினார்கள். முன்னீர்ப்பள்ளத்துக்கருகே ரோட்டில் ஓடிய தண்ணீரைப் பத்துச் சக்கரமும் கிழித்துக்கொண்டு போயின. கரையேறியதும் ஹசன் அலி பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினார்.

"ஏன் அமுக்கிட்டே போறிய?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"நனைஞ்ச பிரேக்கு பிடிக்காதுய்யா. இப்படி உரசி உரசி ஓட்டுனா அந்தச் சூட்டுல காஞ்சிரும். திடீர்னு எவனாச்சும் குறுக்க வந்தா நிக்கணும்லா."

பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் இருப்பதுதான். அதை இப்படி அன்றாடக் காரியமாகச் சொல்ல ஒருவருக்கு எத்தனை மழைக்காலம் தேவைப்பட்டிருக்கும் என்று சங்கரி நினைத்துக்கொண்டாள்.

மேலப்பாளையத்துக்குள் லாரி நுழைய முடியவில்லை. பாளையங்கால்வாய் பொங்கியதில் மெயின் ரோடெங்கும் நின்றுபோன கார்களும் வேன்களும். ஹசன் அலி கீழே இறங்கி யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார். சந்துக்குள்ளிருந்து ஓர் ஆட்டோ வந்தது. ஓட்டியவர் சல்மான் ஃபாரிஸ், ஹசன் அலியின் தங்கை மாப்பிள்ளை.

சல்மான் ஃபாரிஸ் மேட்டுத் தெருக்களாகப் பார்த்துப் பிடித்து ஓட்டினார். கார் நுழையாத சந்து, இரண்டு வீட்டு வாசற்படிக்கு நடுவே ஒரு பாய் அகலம்தான் வழி. அதிலும் சந்து மடங்கும் மூலைகளில் ஆட்டோ முன்சக்கரத்தை ஒடித்து ஒரே வீச்சில் திரும்பியது.

"அப்பா, தூங்கிராதிய. ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. உலகத்துல முதன்முதல்ல விற்பனைக்குன்னு செஞ்ச காருக்கும் மூணு சக்கரம்தான். பென்ஸுன்னு ஒருத்தர் செஞ்சார். யாரும் நம்பல. அவர் பெண்டாட்டி ஒருநாள் விடியக்காலம் அவர்கிட்ட சொல்லாம மூத்த பையன்கள் ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு அம்மா வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நூறு கிலோமீட்டர்."

"பெட்ரோலு?"

"பங்க் ஏது? மருந்துக் கடையில வாங்கி ஊத்துனாங்க. குழாய் அடைச்சுச்சு, தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க. பிரேக்குக்கு வழியில செருப்புத் தைக்கிறவர்கிட்ட தோல் வச்சுத் தைச்சு வாங்குனாங்க. மேட்டுல பிள்ளைகள் இறங்கித் தள்ளுச்சு."

ஐயம்பெருமாள் மூச்சு வாங்கியபடியே சிரித்தார். "அம்மா வீட்டுக்குப் போணும்னா பொம்பளைய எப்படியும் போயிருவாளுவ."

சல்மான் ஃபாரிஸ் முன்னாலிருந்து, "நிஜமாவா டீச்சர்? மூணு சக்கரமா?" என்று கேட்டுவிட்டு, ஹேண்டில்பாரை ஒரு தடவை தட்டிக்கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர் இல்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஐயம்பெருமாளின் வீங்கிய காலை அழுத்திப் பார்த்துவிட்டு, உடனே அவரை வீல்சேரில் ஏற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பகல் இரண்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. நான்கு மணி நேரம் ஆகும். இன்னொரு நாள் தள்ளியிருந்தால் கஷ்டம் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

சங்கரி வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். எதிரே ரோடு வண்டிகளால் நிறைந்திருந்தது. ஒரு ஜே.சி.பி. தன் பெரிய கரண்டியில் ரொட்டிப் பாக்கெட்டுகளை ஏந்திக்கொண்டு போனது. அதன் பின்னால் படகை முதுகில் கட்டிய மீன் லாரி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும். தண்ணீர் டேங்கர். ஜன்னல் உடைந்த பழைய டவுன் பஸ் ஒன்றில் முகாமுக்குப் போகும் பிள்ளைகள் கையசைத்தார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு காரியத்துக்காகச் செய்தது. அன்றைக்கு எல்லாம் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தன. கையில் வாங்கிய டீ ஆறிப்போனது தெரியாமல் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு மணிக்கு மேல் நர்ஸ் வாசலுக்கு வந்தாள்.

"முடிஞ்சிட்டு. மூச்சு நல்லா விடுதாரு, காலை நீட்டிப் படுத்திருக்காரு. ரெண்டு இட்லி கேக்காரு. வெளிய எங்கயாச்சும் கிடைக்குமான்னு பாருங்க."

சங்கரி எழுந்து, சேறு காய்ந்த சேலையைத் தட்டிவிட்டு, விளக்கெரிந்த பக்கமாகக் கடை தேடி நடந்தாள்.