துண்டு வெட்டியவர்கள்

ஆரணி அதை என்னிடம் சொன்னது வெள்ளிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெள்ளியென்றால் நான் பொல்லாதவன். ஞாயிறென்றால் கொஞ்சம் குறைவு. இரண்டு வருடமாக ஞாயிறு என்றே நினைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன்.

என் மனைவி ஆரணி சத்திரசிகிச்சை நிபுணர். கானாவில் ஒரு போதனா வைத்தியசாலையில் எட்டு மாதம் வேலை செய்துவிட்டு லண்டன் திரும்பியிருந்தாள். அங்கே குடலில் ஓட்டை விழுந்து வந்த இருநூற்றுப் பதினான்கு பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும்: வலி தொடங்கி எத்தனை நாள் கழித்து வந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள். வார்டுப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வந்திருந்தாள். பெயர்கள் இல்லை, இலக்கம், வயது, தொழில் மட்டும். கவுன்சிலில் விண்ணப்பங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றுவது என் வேலை. "உங்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற வேலை" என்று தந்தாள்.

பதிவேட்டில் இரண்டு கையெழுத்துகள். நீல மை ஆரணியுடையது. பச்சை மை அங்கே அவளோடு வேலை செய்த டொக்டர் க்வாபெனாவுடையது. அவரை நான் கண்டதில்லை. பின்னேரங்களில் போனில் கேட்டிருக்கிறேன். அவர் ஏதோ சொல்ல, எங்கள் சமையலறையில் நின்று ஆரணி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். அப்படிச் சிரிக்கும்போது அவளுடைய ஒரு கடைவாய்ப்பல் தெரியும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

அறுபத்தோராம் இலக்கத்தில் நின்றேன். பெண், நாற்பத்தாறு வயது, சந்தையில் தக்காளி விற்பவள், ஒன்பது நாள் வலியோடு வந்தவள். ஓரத்தில் பச்சை மையில் ஆங்கிலத்தில் சிறிதாக ஒரு குறிப்பு: 'ஆரணி, முதலில் சாப்பிடு. பிறகு வா.' பதினாலு வருடத்தில் நான் அவளிடம் அப்படி ஒரு வசனம் சொன்னேனா என்று யோசித்தேன். 'சாப்பிட்டாச்சோ' என்று கேட்டிருக்கிறேன். அது வேறு.

கடைசி நிரலில் 'டி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. 'டெத்' என்றும் எடுக்கலாம், 'டிஸ்சார்ஜ்' என்றும் எடுக்கலாம். அந்த வார்டில் ஒருவர் இறந்தால் முழுச் சொல்லாகவே எழுதுவார்கள். 'டி' என்றால் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்று அர்த்தம். இதைத்தான் ஆரணி எனக்குச் சொன்னாள். நான் அதை ஏற்றியது சனிக்கிழமை. நீல மையின் 'டி' எல்லாம் வீட்டுக்குப் போனது. பச்சை மையின் 'டி' முப்பத்தொன்றுக்கும் நேரே 'இறப்பு' என்று அடித்தேன். அல்லது எல்லாவற்றையும் முதலில் பிழையாக அடித்துவிட்டு, ஞாயிறு அர்த்தம் தெரிந்தபின் நீலத்தை மட்டும் திருத்தினேன்.

கோப்பு க்வாபெனா சரிபார்க்கக் கானாவுக்குப் போனது. பத்து நாள் போன் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது. எனக்கு நன்றாகப் பசித்தது.

பதினோராம் நாள் ஆரணி லப்டொப்போடு சமையலறைக்குள் வந்தாள். நான் லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஸ்ரீ, இந்த டி எண்டால் என்னெண்டு நினைச்சனீங்கள்?"

"செத்தது எண்டு."

"துண்டு வெட்டினது எண்டெல்லோ சொன்னனான்."

"அது நீர் பிறகுதானே சொன்னனீர். ஞாயிற்றுக்கிழமை."

"வெள்ளி." லப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். "என்ர ஆக்கள் துண்டு வெட்டி வீட்ட போகினம். அவற்ற ஆக்கள் மட்டும் ஏன் சாகினம்?"

நான் தண்ணீரை நிறுத்தவில்லை. "அவர் என்னவாம்?"

"உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல. வீட்ட போனபிறகு செத்திருப்பினம், நேர்ஸ்மார் எனக்கு மட்டும் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சிருக்கிறார். பத்து நாளா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் அடிச்சவர். முப்பத்தொரு வீடு. அந்தத் தக்காளி விக்கிற மனிசி, 'இப்ப யாவாரம், பிறகு எடுங்கோ' எண்டு வைச்சிட்டாவாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. கையை நீட்டிக் குழாயைப் பூட்டினாள்.

"எத்தினை நாளா நோகுது?" என்று கேட்டாள்.

நோயாளிகளிடம் கேட்கும் குரல். வலி நாட்களின் நிரலில் என்ன எண்ணைப் போடுவதென்று தெரியாமல் ஈரக் கையோடு நின்றேன். அவள் லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து, முப்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினாள்.

கட்டுரை சரியான எண்களோடு வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில் தரவு ஏற்றியவர் என்று எனக்கு நன்றி சொல்லியிருக்கிறது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது க்வாபெனாவாம். அவர் அதே வார்டில் இருக்கிறார். ஆரணி போன வருடம் மூன்று மாதம் அங்கே போய் வந்தாள். நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். பின்னேரங்களில் அவள் போனைத் தோட்டத்துக்கு எடுத்துப் போகிறாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் சிரிக்கிறாள். அறுபத்தோராம் இலக்கப் பெண் சந்தையில் தக்காளி விற்கிறாள்.