ஏழாம் எண் கேபிளின் பணி ஓய்வு

பாண்டுங் நகரத்தில், எங்கள் பல்கலைக்கழகத்து உயர்மின்னழுத்தக் கூடத்தில், ஏழாம் எண் கேபிள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இலை விட்டது. மூன்று இலை, பலா இலைத் தடிப்பு. அன்று மழை இல்லை. கேண்டீனில் வறுத்த சோயாத் தெம்பே சீக்கிரம் தீர்ந்துபோனது.

லிலிஸ் சூர்யானி முனைவர் பட்டத்துக்காகக் கேபிள்களைச் சாகடித்துக்கொண்டிருந்தாள். மண்ணுக்கடியில் கிடக்கும் கேபிள் எத்தனை வருஷம் தாங்கும் என்பது அவள் ஆய்வு. தோண்டியெடுத்த பழைய கேபிள்கள் ஒன்பதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவாள். காப்புறைக்குள் ஈரம் மயிரிழைக் கிளைகளாகப் படரும். துறையில் அதை நீர்மரம் என்பார்கள். மரம் உறையைத் தாண்டினால் கேபிள் வெடித்துச் சாகும். மற்ற எட்டும் அவள் குறித்த வாரங்களிலேயே செத்தன. ஏழாம் எண்ணில் மரம் உறையைத் தாண்டி வெளியே வந்து தழைத்தது. கேபிள் அதுபாட்டுக்கு மின்சாரம் சுமந்தது. பதினான்கு மாதம் இப்படியே ஓடியது. சாகவில்லை என்று எழுதிவிடலாம். ஏன் என்று கேட்டால் பதில் வேண்டும், பதில் இல்லாமல் பட்டம் இல்லை. உதவித்தொகை ஆகஸ்டோடு சரி. கன்னம் ஒட்டிப்போனாள், பாவம்.

கூடத்து ஊழியன் கொமாருக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, நீங்க பட்டம் வாங்குறதுக்குள்ள இது காய்ச்சே போயிரும். தொட்டுக்க சம்பல் அரைச்சு வைக்கட்டா?"

"எரிச்சலக் கிளப்பாத கொமாரு. போய் வேலையப் பாரு."

அவன் போகாமல் கேபிளின் பழைய கோப்பைப் புரட்டினான். "நாப்பத்தொரு வருஷம் ஒரே தெருவுக்கு உழைச்சிருக்குக்கா. ரோட்ட அகலமாக்குறோம்னு ஒரு புதன்கிழமை, வேலை நேரத்துல இழுத்துப் போட்டிருக்கானுங்க. உனக்கு ஓய்வுன்னு ஒருத்தனும் அதுகிட்ட சொல்லலையே?"

லிலிஸ் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் வாயிற்காவலர்கூட விழா நடத்தாமல் ஓய்வுக்குப் போனதில்லை. வெள்ளிக்கிழமை மின்சாரத்தை நிறுத்தி, மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, கேபிளுக்கு ஒரு பாத்திக் சட்டையைப் போர்த்தினோம். துறைத்தலைவர் வழக்கம்போல நீளமாகப் பேசினார். லிலிஸ் ஓய்வுக் கடிதத்தைப் படித்தாள்: நாற்பத்தொரு வருஷத்தில் மின்தடை இரண்டே தடவை, இரண்டும் இதன் தவறல்ல. சோற்றுக் கோபுரத்தின் நுனி ஓய்வு பெறுபவருக்குத்தான்; அதை வெட்டி, முதல் மரியாதையாகக் கேபிளின் முன்னால் வைத்தாள். "போதும், நீ வீட்டுக்குப் போ," என்றாள். எட்டைக் கொன்றபோது கலங்காதவள் அன்று எல்லார் முன்னாலும் அழுதாள்.

திங்கட்கிழமை காலை மறுபடி மின்சாரம் கொடுத்ததும், ஊருக்குள் ஓடும் சாதாரண அழுத்தத்திலேயே, சத்தமில்லாமல் கேபிள் நின்றுபோனது. இலைகள் மதியத்துக்குள் உதிர்ந்தன. கேபிள் நின்ற அதே நிமிடம் அதன் பழைய தெருவில் எல்லா வீட்டு விளக்குகளும் ஒருமுறை மங்கி எரிந்தன. லிலிஸ் அட்டவணையில் நாளைக் குறித்து, காரணம் என்ற கட்டத்தில் பணி ஓய்வு என்று எழுதினாள்.

தேர்வாளர் ஹெர்மாவன் கறாரானவர். அந்த வருஷம் இரண்டு ஆய்வேடுகளைத் திருப்பியனுப்பியிருந்தார். அந்தக் கட்டத்தில் அவர் விரல் வெகுநேரம் நின்றது.

"சோத்து நுனிய யாருக்கும்மா குடுத்தீங்க?"

"கேபிளுக்குத்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.