இடது மூலையில் ஒரு புள்ளி

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எதிர்ச் சுவரில் பெரிய படம்: சேற்றுநீருக்கு மேல் ஏழு நாரைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கின்றன. இடது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. எழுந்துபோய்ப் பார்த்தேன். ஒரு தலை. அதற்கு மேல் இரண்டு கைகள்.

"இது யார் எடுத்த படங்க?" என்று சீட்டு எழுதும் பெண்ணிடம் கேட்டேன்.

"டாக்டருக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா. நீங்க உக்காருங்க, உங்க நம்பர் இன்னும் வரல."

உட்கார்ந்தேன். பல்வலி போன இடம் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'காலைப் பொன்னொளியில் தவமிருக்கும் நாரைகள்...' வேண்டாம். பொன்னொளியில் யாருக்கும் பயம் வராது.

இரண்டாவது: போட்டோக்காரி கரையில் கேமராவின் முக்காலியை ஊன்றினாள். கணவன் எலக்ட்ரீஷியன், அன்று அவனுக்கு விடுமுறை. நாரைகள் மணிக்கணக்காக அசையாமல் நின்றன. அவளுக்கு வேண்டியது பறக்கும் படம். நிற்கிற பறவையைக் கிளப்பிவிடக் கூடாது என்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். ஆள் பார்க்காதபோது கிளப்பிவிடுவார்கள்.

"நான் அந்தப் பக்கமா சுத்திப் போய்க் கத்தறேன். ரெண்டு கையையும் தூக்கினா ரெடின்னு அர்த்தம். நீ அமுக்கிட்டே இரு."

"சேறு ஆழமா இருக்கப் போகுதுங்க."

"நாரையே நிக்குது, நான் நிக்க மாட்டேனா?"

(இந்த வசனத்தை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் அவன் திரும்பச் சொன்னான். நாரை மூன்று கிலோ இருக்கும், அவன் எழுபத்தெட்டு. யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம், எழுதுகிறவன் நான்தானே?)

3

தூரத்தில் கைகள் உயர்ந்தன. கத்தல் கேட்டது. நாரைகள் எழுந்தன.

அவள் அமுக்கினாள். லென்ஸுக்குள் இறக்கைகளைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை. நாரைகள் வட்டமடித்து அதே இடத்துக்கு மேலே திரும்பின. மறுபடி அமுக்கினாள். மூன்றாவது வட்டமும் கிடைத்தது. கத்தல் ஓயவில்லை. 'போதும்பா, எல்லாம் கிளம்பிடுச்சு' என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, கேமராவின் பின்திரையில் நாரையின் கண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். படமெடுப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். கத்தல் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

நிமிர்ந்தாள்.

"என்னங்க?"

சேறு சமமாக இருந்தது. பின்திரையில் முதல் வட்டத்தின் படத்துக்குப் போனாள். மூலையில் அவன் இடுப்புவரை தெரிந்தான். இரண்டாவதில் மார்புவரை. மூன்றாவதில் தலை மட்டும். எல்லாவற்றிலும் இரண்டு கைகளும் மேலே. ரெடி என்று அர்த்தம்.

கேமராவைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடினாள் என்று எழுதிவிட்டேன், சேற்றில் யாரால் ஓட முடியும்? அவள் முழங்கால் புதைய...

4

முடிவு ஒன்று: நாணலுக்குப் பின்னாலிருந்து அவன் தவழ்ந்து வருகிறான். "செருப்பு போச்சு! படமாவது வந்துச்சா?" அவள் அவன் முதுகில் நாலு வைக்கிறாள், பிறகு அழுகிறாள்.

முடிவு இரண்டு: (எழுதினேன். கிழித்துவிட்டேன். அப்போது பக்கத்து அறையில் என் மனைவி இருமினாள். அந்தச் சத்தம் கேட்டதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.)

5

அந்தப் புள்ளியைக் கம்ப்யூட்டரில் அழிக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதும். அழிக்கவில்லை. அவன் பிழைத்திருந்தால், சொல்லிச் சொல்லிச் சிரிப்பதற்காக வைத்திருப்பாள். இல்லையென்றால், அதுதான் அவனுடைய கடைசிப் படம். இரண்டில் எதுவானாலும் அழிக்க மனம் வந்திருக்காது. ஆகவே அந்தச் சுவரைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கேட்டால் தெரிந்துவிடும். வியாழக்கிழமை என்னை மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். போகவில்லை. கன்னம் வீங்கியிருக்கிறது, மனைவி திட்டிக்கொண்டிருக்கிறாள்.

உங்களுக்குப் பல்வலி வந்தால் அங்கே போங்கள். சீட்டு எழுதும் பெண்ணிடம் கேளுங்கள். என்னிடம் மட்டும் வந்து சொல்லிவிடாதீர்கள்.